பிள்ளை அழுவதால் நான் அழுகிறேனா, நான் அழுவதால் பிள்ளை அழுகிறானா?

கேள்வி: எனக்கு 24 வயது. காசிமேட்டில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் லாஞ்சு டிரைவர். இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருக்கிறார். ஐந்து மாத ஆண் குழந்தை, முதல் பிள்ளை. பிறந்ததிலிருந்தே அழுகைதான். டாக்டரிடம் இரண்டு முறை காட்டினோம். எடை சரியாக ஏறுகிறது, ஒன்றுமில்லை என்றார். மாமியார் விடிகாலையில் ஏலத்துக்குப் போனால் மீன் விற்றுவிட்டுப் பதினோரு மணிக்குத்தான் வருவார். அவர் முகத்தைக் காட்டியதும் பிள்ளை கெக்கே பிக்கே என்று சிரிக்கிறான். நான் கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். "உனக்குப் பாசம் இல்ல, அதான் அதுக்குத் தெரியுது" என்கிறார் மாமியார். தூக்கி வைத்திருந்தால் "கைச்சூடு பழக்காதே" என்கிறார். தாயின் மனக்கஷ்டம் பாலில் இறங்கிப் பிள்ளையைக் கெடுக்கும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதிலிருந்து பால் கொடுக்கவே பயமாக இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு உட்கார்ந்து அழுகிறேன். சில நேரம் பிள்ளையை அப்படியே போட்டுவிட்டு எங்காவது போய்விடலாமா என்று தோன்றுகிறது. என்னால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டானா?

— ஒரு வாசகி, காசிமேடு

பதில்:

முதலில் பால் விஷயத்தை முடித்துவிடுகிறேன். இன்று ராத்திரியும் நீங்கள் பால் கொடுத்தாக வேண்டுமே.

மனக்கஷ்டம் பாலில் இறங்காது. அழுதுகொண்டே கொடுத்த பாலும் பால்தான், மாமியாரிடம் சண்டை போட்டுவிட்டு வந்து கொடுத்த பாலும் பால்தான். தாராளமாகக் கொடுங்கள். அந்த வீடியோக்காரர் எங்கோ அரைகுறையாகக் கேட்டதை ஊதிப் பெருக்கியிருக்கிறார். பால் சுரப்பது வேறு, சுரந்த பால் இறங்குவது வேறு. இறங்குவதற்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். பிள்ளை வாய் வைத்து இழுத்தால் அது வரும். சில தாய்மார்களுக்குப் பிள்ளையின் அழுகுரல் கேட்டாலே வந்து ரவிக்கை நனைந்துவிடும். பதற்றமாக இருக்கும்போது மட்டும் கொஞ்சம் தாமதமாகும். அவ்வளவுதான் சங்கதி.

அந்தத் தாமதத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிள்ளை இழுக்கிறான், வரவில்லை. வாயை எடுத்துவிட்டுக் கத்துகிறான். "பால்கூட என்கிட்ட குடிக்க மாட்டேங்குறான்" என்று உங்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. தோள் இறுகுகிறது, பிடிக்கிற பிடி மாறுகிறது. பால் இன்னும் தாமதமாகிறது. அவன் இன்னும் உரக்கக் கத்துகிறான். இதில் ஆரம்பித்தது யார்? உங்கள் பதற்றமா, அவன் கத்தலா? நீங்கள் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, சுவரில் சாய்ந்து, மார்பைக் கையால் ஒரு நிமிடம் நீவிவிட்டு மறுபடி வைத்தால் பெரும்பாலும் பால் இறங்கிவிடும். இரண்டு மடக்கு உள்ளே போனதும் அவன் கை விரல்கள் விரிந்து தளரும். அதைப் பார்த்ததும் உங்கள் தோளும் தளரும். அதற்கு மட்டும் யார் காரணம்?

உங்கள் கேள்வி முழுவதற்கும் என் பதில் இதற்குள்தான் இருக்கிறது. ஆனால் அதை விரிக்கும் முன் இன்னொன்றைப் பேசியாக வேண்டும்.

மூன்று மணி அழுகையும், போட்டுவிட்டுப் போய்விடலாமா என்ற நினைப்பும். இதைப் படித்துவிட்டு உங்களைக் கெட்ட தாய் என்று நான் நினைக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அது பிரசவமான முதல் வாரத்தில் வந்து போகும் சின்ன அழுகை கிடையாது, மாதக் கணக்கில் இருக்கும். வேலூர் மருத்துவர்கள் கிராமத்துப் பெண்களிடம் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள்: வருமானம் குறைந்தவர்கள், கூடமாட வேலைக்கு ஆள் இல்லாதவர்கள், மாமியாரோடு உரசல் உள்ளவர்கள். இந்தத் தடைக்காலத்தில் உங்கள் வீட்டுக்கு இதில் எது பொருந்தவில்லை, சொல்லுங்கள். பாசக் குறைவு என்று ஒரு காரணம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே இந்த வாரமே போய்க் காட்டுங்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னாலும் சரி, நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓ.பி.க்குப் போனாலும் சரி. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தீர்கள் என்று பத்துக் கேள்விகள் கேட்கும் எடின்பரோ அளவுகோல் ஒன்று உண்டு, தமிழிலும் இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவற்றாலும் இதே சோர்வு வரும். மாத்திரை வேண்டியிருந்தால் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை இருக்கின்றன. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு ஒரு கணம் வந்தாலும் வீட்டுக்காரரை எழுப்புங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கை நடுங்குகிற அளவுக்குக் கோபம் வந்தால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளி வராந்தாவில் பத்து நிமிடம் நில்லுங்கள். அழட்டும், அழுது யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிடித்துக் குலுக்குவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. ஐந்து மாதப் பிள்ளையின் மூளை அதைத் தாங்காது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மாமியாரும் அந்த வீடியோக்காரரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். பிள்ளை மாவு, தாய் கை. உருண்டை சரியாக வரவில்லை என்றால் கைதான் காரணம். நானும் படிக்கிற காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் நம்பினேன். பழைய வண்ணாரப்பேட்டையில் பாய் விரித்து உட்கார்ந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க ஆரம்பித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. பிள்ளையும் சும்மா இருப்பதில்லை. பிறந்த நாளிலிருந்து அதுவும் உங்களை உருட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி அழுவதில்லை. அமெரிக்க மருத்துவர் பிரேசல்டன் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களைக் கொண்டே குறித்துவைக்கச் செய்து 1962-இல் வெளியிட்டார். ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வரை அழுகை ஏறி, அப்புறம் மெல்ல இறங்கி மூன்றாம் மாதத்தில் அடங்கியது. அவர் கணக்கில் வந்தவை ஆரோக்கியமான பிள்ளைகள். ஐந்தாம் மாதத்திலும் உங்கள் பிள்ளைக்கு அழுகை குறையவில்லை என்றால், சுபாவத்திலேயே அவன் சட்டென்று கலங்கி மெதுவாக அடங்குகிறவன் என்று எடுத்துக்கொள்ளலாம். சில பிள்ளைகள் அப்படித்தான் பிறக்கின்றன. காய்ச்சல், வாந்தி, பால் மறுப்பு, மலத்தில் ரத்தம், அழுகைச் சத்தமே மாறுவது, இவை இருந்தால் அது வேறு கதை, உடனே டாக்டர். கிரைப் வாட்டரும் உரம் எடுப்பதும் வேண்டாம்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் தாயை என்ன செய்கின்றன என்பதை நெதர்லாந்தில் வான் டென் பூம் என்ற ஆய்வாளர் கவனித்தார். வருமானம் குறைந்த 100 குடும்பங்கள், பிறந்ததிலிருந்தே எளிதில் எரிச்சலாகும் 100 பிள்ளைகள். எவ்வளவு தேற்றினாலும் அடங்காத பிள்ளையிடம் தாய் நாளாக நாளாகக் கையை எடுத்துக்கொள்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அழுதால் போகிறாள், பலனில்லை. அப்புறம் அழுதால் மட்டும் போகிறாள். சிரித்து விளையாடும் நேரத்தில் "அப்பாடா" என்று ஒதுங்கி வேலை பார்க்கிறாள். ஆக அந்தப் பிள்ளைக்கு அம்மாவின் முகம் என்றாலே அழுகையும் களைப்பும்தான் என்றாகிவிடுகிறது. ஆறாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் நடுவில் பாதி வீடுகளுக்கு மட்டும் மூன்றே மூன்று முறை ஆள் போய், பிள்ளை காட்டும் சைகைகளைக் கவனிக்கத் தாய்மார்களுக்குப் பழக்கினார்கள். ஒரு வயதில் பார்த்தபோது, பழக்கப்பட்ட வீடுகளில் 62 சதவீதம் பிள்ளைகள் தாயிடம் நிம்மதியாக ஒட்டியிருந்தன. மற்ற வீடுகளில் 22 சதவீதம். 1994-இல் இது வெளியானது. நான் இந்தத் தொழிலில் நம்பிக்கை இழக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கும் கணக்கு இது. பிள்ளைகளின் சுபாவத்தை அவர்கள் தொடவே இல்லை. மூன்று வருகையில் தாயின் கண் மாறியது, அவ்வளவுதான். உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதமே ஆகவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்றீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த வரிதான்.

போன வருடம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தாய் இதே குறையோடு வந்தார். ஐந்தரை மாதப் பெண் குழந்தை. பாயில் படுக்க வைத்து விளையாடச் சொல்லி, அவர் போனிலேயே இரண்டு நிமிடம் வீடியோ எடுத்தேன். தாய் கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். பிள்ளை சிரிக்கிறது, காலை உதைக்கிறது. கிலுகிலுப்பை இன்னும் வேகம். உதை வேகமாகிறது, மூச்சும் வேகமாகிறது, ஒரு விக்கல். பிள்ளை தலையை ஜன்னல் பக்கம் திருப்புகிறது. தாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் குனிகிறார், "இங்க பாரு, இங்க பாரு". பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்புகிறது. தாய் நாக்கைச் சொடுக்கிக்கொண்டே இந்தப் பக்கம் வருகிறார். பிள்ளை கையை வாயில் வைத்துக்கொள்கிறது. தாய் கையை வாயிலிருந்து எடுத்துவிடுகிறார். முதுகு வளைகிறது, அழுகை. தாய் என்னை நிமிர்ந்து பார்த்து, "பாத்தீங்களா, என்னைப் புடிக்கல" என்றார். கண் கலங்கிவிட்டது.

அதே வீடியோவை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை பார்க்கும்போது அவரே, "அக்கா, நான் விடவே இல்லையே" என்றார்.

ஆமாம். பிள்ளை திரும்பியது வெறுப்பில் அல்ல, மூச்சு வாங்க. டிஃப்பனி ஃபீல்ட் என்ற ஆய்வாளர் விளையாடும் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து 1981-இல் எழுதினார். துடிப்பு ஏறியதும் பிள்ளை பார்வையை விலக்குகிறது. விலக்கிய பிறகு துடிப்பு பழைய நிலைக்கு இறங்குகிறது. சந்தோஷமும் அந்தச் சின்ன உடம்புக்கு ஒரு பாரம்தான். எழுந்து போக முடியாது, "போதும்" என்று சொல்லத் தெரியாது. கழுத்து ஒன்றுதான் அதன் வசத்தில் இருக்கிறது, அதைத் திருப்புகிறது. கையை வாயில் வைப்பதும் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் வேலை. அந்தத் தாய் பிள்ளையின் கதவை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போனார், அதுவும் ஆசையால்.

மறுபடி விளையாடச் சொன்னேன். இந்த முறை பிள்ளை தலையைத் திருப்பியதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மனசுக்குள் எண்ண வேண்டும், பேசக் கூடாது. பதினொன்று வரை எண்ணினார். பிள்ளை தானாகத் திரும்பி அவர் முகத்தைத் தேடியது. அந்தத் தாய் அப்போது சிரித்த சிரிப்பு கிலுகிலுப்பையோடு சிரித்த சிரிப்பே இல்லை. பிள்ளைக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் வாயைத் திறந்து அப்படித்தான் சிரித்தது.

உங்களிடமும் நான் சொல்வது இந்த ஒரு வேலையைத்தான். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அவன் வயிறு நிறைந்து விழித்திருக்கும் நேரத்தில், டிவியை நிறுத்திவிட்டு பத்து நிமிடம். ஒரு முழத்துக்குள் முகம் இருக்கட்டும். அவன் பார்த்தால் பாருங்கள். "ங்கா" என்றால் "ங்கா" என்றுவிட்டு நிறுத்துங்கள், அவன் முறை வரட்டும். திரும்பினால் விடுங்கள். வேலை என்று பார்த்தால் பாதி நேரம் சும்மா இருப்பதுதான். சும்மா இருப்பது கஷ்டம், அது எனக்குத் தெரியும்.

இப்போது மாமியார். அவர் வந்ததும் ஏன் சிரிக்கிறான்? கோபப்படாமல் ஒரு நாள் வாசலில் நடப்பதைக் கவனியுங்கள். விடிகாலை ஏலத்துக்குப் போனவர் பதினோரு மணிக்கு வருகிறார். ஏழெட்டு மணி நேரமாக அவன் பார்க்காத முகம். கூடையை இறக்கி, கை கால் கழுவி, வாசலில் நின்று "யாரு... யாரு வந்திருக்கா..." என்பார் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் அவன் காலை உதைப்பான். அதற்குப் பிறகுதான் அவர் கிட்டே வருவார். மீன் விற்கிறவர்களுக்கு எதிரில் நிற்பவர் முகத்தைப் படிப்பதே தொழில். விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கத் தெரியாதவர் காசிமேட்டில் ஒரு நாள் தாங்குவாரா? பிள்ளையிடமும் அதையேதான் செய்கிறார். அவருக்கு அது தெரியாது, பாசம் என்று நினைக்கிறார். அதோடு இந்த வயதில் எதிர்பாராததைப் பார்த்தாலே வாய்விட்டுச் சிரிப்பு வரும். நீங்கள் அவனுக்கு எதிர்பாராதவர் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கும் இருப்பவர், பசிக்கும் அழுகைக்கும் அவன் கொண்டுவந்து கொட்டும் இடம். விருந்தாளியிடம் சிரிப்பதும் வீட்டு ஆளிடம் அழுவதும் பெரியவர்களும் செய்வதுதானே.

அழும்போது என்ன செய்வது என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. பிள்ளை அழுதால் நம் வீடுகளில் ஆயாக்கள் உதட்டைப் பிதுக்கி, புருவத்தைத் தூக்கி, "அச்சச்சோ... யாரு அடிச்சா என் ராஜாவ? அவங்களை அடிச்சுடலாம்" என்று இழுப்பார்கள். நடிப்பு என்று தோன்றும். நடிப்பேதான், ஆனால் அதில் சூட்சுமம் இருக்கிறது. தனக்குள் எழுவது கோபமா, வலியா, பயமா என்று ஐந்து மாதப் பிள்ளைக்குப் பிரித்துத் தெரியாது. எதிர் முகத்தில் அது கொஞ்சம் பெரிதாக்கப்பட்டு, கொஞ்சம் இனிப்புத் தடவித் திரும்பி வரும்போது, "இதுதான் எனக்குள்ளே இருப்பது, இது அடங்கும்" என்று மெல்லப் பிடிபடுகிறது. ஹங்கேரி ஆய்வாளர் கெர்கெலியும் அவருடன் இருந்தவர்களும் 1990-களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நம் ஆயாக்கள் எழுதவில்லை, அவ்வளவுதான். அவனுடைய அழுகைக்கு நீங்களும் அதே பதற்றத்தைக் காட்டினால் அவனிடம் ஒன்று இரண்டாகிறது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால் அவனுக்கு ஒன்றும் திரும்பி வருவதில்லை. "அச்சச்சோ" இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மனசு வராவிட்டாலும் வாயால் சொல்லிப் பாருங்கள், மனசு பின்னால் வரும்.

கல் முகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எட்வர்ட் ட்ரோனிக் 1975-இல் அறிவித்த ஒரு சோதனையின் வீடியோ உங்கள் போனுக்கும் ஒரு நாள் வரும். தாய் பிள்ளையோடு கொஞ்சிக்கொண்டே இருந்துவிட்டு, சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வெறுமையாக வைத்துக்கொள்வாள். பிள்ளை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும், கடைசியில் சுருண்டுவிடும். பார்த்தால் வயிறு எரியும். தாய்மார்களைப் பயமுறுத்த இதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அந்த மாதிரி ஆய்வுகளில் அப்புறம் தெரியவந்ததைப் போடுவதில்லை. நல்லபடியாக இருக்கும் தாயும் பிள்ளையும்கூட முகத்துக்கு முகம் விளையாடும்போது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் ஒருவருக்கொருவர் பொருந்தியிருக்கிறார்கள். மிச்ச நேரம் தவறவிடுவதும் மறுபடி பிடிப்பதுமாகவே போகிறது. அந்த மறுபடி பிடிப்பதில்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. உங்கள் வீட்டுக்காரர் இப்போது படகுத்துறையில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருப்பார். கடலுக்குப் போய்ப் பொத்தல் விழாமல் வந்த வலை எதையாவது பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். ராத்திரி பால் கொடுக்கும்போது ரீல்ஸ் பார்த்தால் பாவம் என்றும் நினைக்க வேண்டாம். அப்போது அவன் கண்ணே திறந்திருக்காது. அந்தப் பகல் பத்து நிமிடத்தில் மட்டும் போன் வேறெங்காவது இருக்கட்டும்.

கைச்சூடு பற்றிக் கேட்டீர்கள். என் பெரியவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டரே, "அழுத உடனே தூக்காதே, ஏய்க்கப் பழகிவிடும்" என்றார். நான் படித்தவள், ஆனாலும் அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றும் அந்தக் கதவின் நிறம் ஞாபகம் இருக்கிறது. ஆறு வாரப் பிள்ளைக்கு ஏய்க்கிற அளவு மூளை இருந்தால் அது பெரிய சங்கதிதான்!

பால்டிமோரில் மேரி ஐன்ஸ்வொர்த்தும் சில்வியா பெல்லும் 26 வீடுகளில் ஒரு வருடம் பார்த்து 1972-இல் எழுதினார்கள். ஆரம்ப மாதங்களில் அழுதவுடன் தாய் வந்த பிள்ளைகள் வருடக் கடைசியில் குறைவாகவே அழுதன. பின்னால் வந்தவர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சிணுங்கலுக்கும் ஓட வேண்டியதில்லை, பிள்ளை தானாக அடங்க ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்றார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. சிணுங்கினால் கொஞ்சம் பாருங்கள், குரல் கொடுங்கள். அழுகை ஏறினால் தூக்குங்கள். தூக்கிக் கெடுத்த ஐந்து மாதப் பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. மான்ட்ரியலில் 1986-இல் வெளியான ஆய்வில், அழாத நேரத்திலும் சேர்த்து அதிகமாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதன. அழாத நேரத்திலும் என்பதைக் கவனியுங்கள். வான் டென் பூம் பார்த்த தாய்மார்கள் விட்டுவிட்டதும் அந்த நேரத்தைத்தான்.

தூங்க வைப்பதற்கு ஒரு வழி. ஜப்பானில் குமி குரோடா குழுவினர் 2022-இல் வெளியிட்டது, உங்கள் வராந்தாவிலேயே செய்யலாம். அழும் பிள்ளையை மார்போடு தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லாமல் நடங்கள், தலையைத் தாங்கிப் பிடித்து, ஒரே சீராக. தூங்கியதும் உடனே கீழே போடாதீர்கள். உட்கார்ந்து ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்துவிட்டு அப்புறம் கிடத்துங்கள். உங்கள் உடம்பை விட்டு விலகும் அந்த நொடியில்தான் பிள்ளைகள் விழித்துக்கொள்கின்றன. தூக்கம் கொஞ்சம் ஆழமாகிவிட்டால் எழாது. வீட்டுக்காரரும் செய்யலாம். தடைக்காலத்தில் நடப்பதற்கு அவருக்கு நேரமும் இருக்கிறது.

அவரைப் பற்றி ஒன்று. ஜூன் 14 ராத்திரியோடு தடை முடிந்ததும் லாஞ்சு கிளம்பிவிடும். போனால் வாரம், பத்து நாள். இப்போது அவர் தோளில் தொங்குகிற பிள்ளை, ஏழெட்டு மாதம் ஆகும்போது ஒரு நாள் அவரைக் கண்டதும் வீறிட்டு அழுவான். தாடியும் டீசல் வாசனையுமாக வந்து நிற்கும் ஆளைப் பார்த்துப் பயப்படுகிற வயது அது. அதுவரை இல்லாத அந்தப் பயம், தெரிந்தவர் தெரியாதவர் என்று பிரிக்கத் தெரிந்ததால் வருகிறது. "என் பிள்ளைக்கே என்னைத் தெரியல" என்று அவர் முறைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடக் கூடாது. அதனால்தான் இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இன்னும் ஓரிரு மாதம் போனால், புரியாத எதைப் பார்த்தாலும் பிள்ளை முதலில் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அமெரிக்காவில் 1985-இல் ஒரு சோதனை வெளியானது. ஒரு வயதுப் பிள்ளைகளை, அடியில் பள்ளம் போலத் தெரியும் கண்ணாடி மேஜையில் விட்டு, தாயை மறுமுனையில் நிற்க வைத்தார்கள். தாய் சிரித்த முகத்தோடு நின்றபோது 19 பிள்ளைகளில் 14 பள்ளத்தைத் தாண்டித் தவழ்ந்து போயின. பயந்த முகம் காட்டியபோது 17-இல் ஒன்றுகூடத் தாண்டவில்லை.

ஆகவே அவர் கடலிலிருந்து வரும் நாளில் வாசலிலேயே பிள்ளையைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளித்துவிட்டு வந்து, இரண்டடி தள்ளித் தரையில் உட்காரட்டும். நீங்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரோடு சாதாரணமாகப் பேசுங்கள், மீன் என்ன பட்டது, ஐஸ் என்ன விலை என்று. பிள்ளை அவரைப் பார்ப்பான், அப்புறம் உங்கள் முகத்தைப் பார்ப்பான், மறுபடி அவரைப் பார்ப்பான். அவர் மேல் அந்த இரண்டாவது பார்வை வரும் வரை அவர் கையை நீட்டாமல் இருக்கட்டும்.